கூரை போடாத ரூம்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற டவுன் பஸ். சாரல் தொடங்கியதும் எனக்கு முன் சீட்டில் சன்னலோரம் இருந்தவர் ஷட்டரை இறக்கிவிட்டார். மடியில் சுருட்டிய கட்டட பிளான். பக்கத்தில் அவர் மனைவி.

“ஒரு ரூமுக்கு மட்டும் கூரை வேண்டாம்னு கொத்தனார்ட்ட சொல்லிட்டேன்” என்றார். அதற்கப்புறம் நான் செல்போனைப் பார்க்கவில்லை.

“கூரையில்லாத ரூமுக்கு யாருங்க வருவா?”

“வெள்ளம் வந்தா அருவில குளிக்க விடமாட்டாங்க. வந்தவங்க லாட்ஜுல டிவி பாத்துட்டுத் திரும்பிருதாங்க. நம்ம காட்டேஜுக்கு வாறவங்க சாரல்லயாவது நனையட்டும்.”

“நனைஞ்ச துணிய எங்கன காயப்போடுவாங்க?”

“பக்கத்து வராந்தால. அங்கன கூரை உண்டு. கொடி கட்டிரலாம்.”

“மொத பிளான்ல சன்னல் எல்லாத்தையும் மலைக்கு முதுகு காட்டி வச்சிருந்தீய. இப்ப கூரையே வேண்டாம்ங்கீய.”

“சவுதில மணல் காத்துக்குப் பயந்து அடைச்சு அடைச்சே பழகிட்டு. காட்டேஜ் கட்டப்போற நம்ம தோப்புல போயி நின்ன பொறவுதான் காத்து எங்கன இருந்து வருதுன்னே தெரிஞ்சுது.”

“அப்ப இனிமே சவுதிக்குப் போக மாட்டீயல்லா?”

“நான் போயிட்டா காட்டேஜ யாரு பாத்துக்கிடுவா?”

அந்த அம்மா பிளானை வாங்கி விரித்தார்.

“இந்தக் கூரையில்லாத ரூமுல பெஞ்சு உண்டா?”

“ஒண்ணு போடலாம்.”

“ரெண்டு பேரு உக்காருத மாதிரி போடுங்க. ஆளு வராத நாளுல நாம இருக்கலாம்.”

அவர் ஷட்டரைத் தூக்கிவிட்டார். சாரல் என் சட்டை வரைக்கும் வந்தது. நான் நகர்ந்து உட்காரவில்லை.