செமோரில் ஆறிய சோறு

— வயிறு சரியில்லன்னா ரசமாச்சும் குடிங்க டீச்சர். சோறு வேணாம். மொளகு தூக்கலா வச்சிருக்கேன், குடிச்சா எறங்கிடும்.

— வேண்டாம்க்கா. கோவிச்சுக்காதீங்க. எங்க பிள்ளைகளுக்கும் பசியே இல்ல.

— அத்தன பேருக்குமா ஒரே நேரத்துல பசியில்லாமப் போச்சு?

— திருநெல்வேலி விட்டுக் கடல் தாண்டி இம்புட்டுத் தூரம் வந்தது, தண்ணி ஒத்துக்கிடல போல.

— காலையில ஈப்போவுல சிங் கோயில்ல சப்பாத்தி சாப்புட்டீங்களாம்லா. ரஹீம் பாய் கடையில தே தாரேக் டீயும் குடிச்சீங்களாம், மகேந்திரன் சொன்னான். அங்கலாம் தண்ணி ஒத்துக்கிச்சி. பைபிள் காலேஜு பிள்ளைங்க எல்லாச் சாமியையும் பாத்துப் படிக்க வந்திருக்காங்கன்னாங்க. இந்தப் பாப்பா வீட்டுச் சோத்துல வந்துதான் வயிறு வலிக்குது.

— பாப்பாக்கா, டீச்சர விடுங்களேன். டீச்சர், பிள்ளைங்கலாம் வேன்ல ஏறியாச்சு. மழைக்கு முன்ன தைப்பிங் போயிடணும். அங்க புடிச்சா விடாது.

— நீ போயி ஏர்கோன் போட்டு உக்காரு மகேந்திரா. டிரைவருக்கு என்ன அவ்ளோ அவசரம்? டீச்சர் வாயால ஒண்ணு கேக்கணும் எனக்கு.

— என்ன கேக்கணும்க்கா?

— நெசத்த.

— சொல்லுதேன். கோவப்படக் கூடாது. நீங்க எலை போட வந்தப்ப பிள்ளைக ஹால்ல அந்தப் படத்தப் பாத்துட்டாங்க. மாலை போட்டு, வெளக்கு ஏத்தி, சாம்பிராணி வாசம் வேற. படைச்ச சாப்பாடுன்னு ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க. பிள்ளைகளை ஏன் சொல்லணும், நாந்தான் எந்திரிங்கன்னு சைகை காட்டுனேன்.

— படைச்சிருந்தா சாப்புட மாட்டீங்களா?

— சின்னதுலேருந்தே அப்படி வளத்துட்டாங்கக்கா. என்ன செய்ய? பொங்கலுக்குப் பக்கத்து வீட்டுல தருவாங்க. எங்கம்மா சிரிச்சிக்கிட்டே வாங்குவா. அவங்க தெரு திரும்புனதும் கொல்லையில மாட்டுக்கு வச்சிருவா.

— மாட்டுக்கா?

— ஆமாக்கா. கேக்க நல்லா இல்ல, எனக்கே தெரியுது.

— பரவால்லலா. எனக்குப் பழகிப் போச்சு. படத்துல இருக்கானே, அவனும் உங்க ஆளுதான்.

— யாருக்கா அது?

— எம் மவன். யுகேந்திரன். சர்ச்சுல தண்ணியில முக்கி வேற பேரு வச்சாங்க. அந்தப் பேரு எனக்கு வாயில நொழையல.

— ஆண்டவரே! எப்பக்கா தவறுனாங்க?

— இன்னியோட வருசம். மோட்டோவுல போனான். செமோர் மொனையில லோரி அடிச்சிருச்சி.

— இன்னைக்கா? எங்ககிட்ட யாருமே சொல்லலியே. அந்த அக்காவே ஆசப்பட்டு சமைக்கேன்னாங்கன்னுதான் ஈப்போ பாஸ்டர் சொன்னாரு.

— நாந்தான் சொல்ல வேணாம்னேன். சொன்னா வந்திருக்க மாட்டீங்க.

— அக்கா...

— காலையில செம்பனைத் தோட்டத்துக்குள்ள காட்டுனேனே முனியாண்டி கோயிலு, அந்த வாசல்லதான் இவன் ஓடித் திரிவான். லயத்து வீடுங்கள ஒடச்சி எங்கள தோட்டத்த விட்டு அனுப்புனப்ப அது ஒண்ணத்தான் நாங்க ஒடைக்க வுடல. பெரியவனானதும் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன்னுட்டான். சரி, அவன் இஷ்டம்னு வுட்டேன். உங்க சாமி மேல எனக்குக் கோவமே கெடையாது டீச்சர். சோத்துலதான் சண்ட.

— படையல்னாலயா?

— அவங்கப்பா தெவசம். காலையிலயே வந்துட்டான். நெத்திலி சம்பல்னா அவனுக்கு உசுரு, வாசத்துக்கு அடுப்படிய விட்டு நவரல. 'மா, அப்பாவுக்குப் படைக்கறதுக்கு முன்ன எனக்குக் கொஞ்சம் தனியா எடுத்து வச்சிடு மா, அத நான் சாப்புட்டுக்கறேன்'னான். கெஞ்சுனான் டீச்சர். அவ்ளோ பெரிய ஆம்பள.

— குடுத்தீங்களா?

— செத்தவருக்கு முன்ன உனக்கு எடுத்து வச்சி எச்சி பண்ணவா, இதான் உங்க சர்ச்சுல சொல்லிக் குடுத்தாங்களான்னு கத்துனேன். கரண்டியத் தூக்கி எறிஞ்சேன். தண்ணிகூடக் குடிக்காமப் போயிட்டான். அப்புறம் இந்த வாசப்படி மிதிக்கல.

— அழாதீங்கக்கா. இப்படி உக்காருங்க.

— அடக்கத்துல வாய்க்கரிசியாச்சும் போடறேன்னேன். அது எங்க முறையில இல்லம்மான்னாங்க. கொற சொல்லல, நல்லவங்கதான். நல்லாத்தான் பாடுனாங்க. ஒரு கையப் புடிச்சிக்கிட்டே நின்னாங்க. இன்னொரு கையில அரிசி. மூடுன கைய வீட்டுக்கு வந்துதான் தொறந்தேன்.

— டீச்சர், மன்னிச்சிருங்க. பிள்ளைங்க கேக்கறாங்க, போலாமா?

— கொஞ்சம் பொறுங்க மகேந்திரன், இந்தா வாறேன். அக்கா, உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனாலும் படையல்னு ஆனப்புறம் பிள்ளைகள சாப்பிடுங்கன்னு என் வாயால எப்படிச் சொல்லுவேன்? ஒண்ணு செய்வோமா? பொட்டலம் கட்டித் தாங்க. வழியில யாருக்காச்சும்...

— மாட்டுக்கா?

— ஐயோ, அப்படி இல்லக்கா!

— நான் படைக்கவே இல்ல டீச்சர்.

— என்னக்கா சொல்லுதீங்க?

— மாலை போட்டேன், வெளக்கு ஏத்துனேன். படத்துக்கு எலை போடல. எனக்குத் தனியா எடுத்து வைன்னு கேட்டான்லா? இன்னிக்குச் சட்டியோட எடுத்து வச்சிட்டேன். படத்துப் பக்கம் ஒரு பருக்க போவல. பெத்த புள்ளைக்கு வருசம் கும்புடாத நீயும் ஒரு தாயான்னு என் நாத்தனா மொகத்துக்கு நேரா கேட்டுட்டுப் போயிட்டா.

— அப்ப, இந்தச் சாப்பாடு...

— விடிஞ்சதுலேருந்து பின்னால வேலி மேல ஒரு காக்கா. கத்துது, கத்துது, போவவே இல்ல. எங்க வழக்கத்துல அதுக்குத்தான் மொத வாய் வைக்கணும். நான் கல்ல எடுத்து வெரட்டிட்டேன்.

— ஏங்க்கா வெரட்டுனீங்க?

— அவன் காக்காயா வந்து எங்கையால சாப்புட மாட்டானே டீச்சர். உங்கள்ல ஒருத்தரா வந்து உக்காருவான்னுதான் உங்களக் கூப்புட்டேன்.