பிளக்கில் சுற்றிய சிவப்பு நூல்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, இந்த அரங்கைத் தந்து உதவிய நூலகர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், மாஸ்டரின் மனைவி அண்ணி அவர்களே, இதோ என் பக்கத்தில் அமர்ந்திருக்கும் அவர் மகளே, சங்கத் தோழர்களே, வீட்டு ரேடியோவை எங்களை நம்பி ஒப்படைத்த வாடிக்கையாளர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன் மூன்று பேர் பேசினார்கள். நம் சங்கத்தின் மூத்த பழுதுபார்ப்பாளர், நாம் எல்லோரும் 'மெதுவா மாஸ்டர்' என்று அழைத்த அந்த மனிதர், பயம் என்றால் என்னவென்றே அறியாதவர் என்று மூன்று பேருமே சொன்னார்கள். மின்சாரத்தோடு விளையாடியவர் என்றார் தலைவர். செயலாளர் ஒரு படி மேலே போய்ச் சிங்கம் என்றே சொல்லிவிட்டார். பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். இருபத்தாறு ஆண்டுகள் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்தவன் நான். சிங்கமா? கரப்பான் பூச்சியைப் பார்த்தால் நாற்காலி மேல் ஏறி நின்றுகொள்வார்! பாருங்கள், அண்ணிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவரைப் போலப் பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை. அந்தப் பயத்தைப் புகழத்தான் இங்கே நிற்கிறேன். அவர் போய்ப் பதினாறு நாட்கள் ஆகின்றன. தினமும் பட்டறைக் கதவில் சாவியைப் போட்டதும் திறக்கப் பயந்து நின்றுவிடுகிறேன். ஏன் என்று முடிவில் சொல்கிறேன்.

பழைய வால்வு ரேடியோவைப் பாட வைப்பவர்கள் நம் சங்கத்தில் பலர் உண்டு. ஆனால் குமிழ்களையும், நிலையம் பிடிக்கும் பாகங்களையும் சுத்தம் செய்ய அவரை விட்டால் யார் இருந்தார்கள்? நிலையம் பிடிக்கும் பாகத்தில் மெல்லிய தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று உரசாமல் போய் வரும். நடுவே மயிரிழை இடைவெளிதான். அந்த இடைவெளியில் நாற்பது வருடத் தூசி குடியிருக்கும். நான் என்ன செய்வேன்? உஃப் என்று ஊதுவேன். அவர் பதறிப்போவார். "வாய்ல ஈரம் இருக்குடா, ஊதாத!" என்பார். பிறகு தன் மூக்கையும் வாயையும் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, கைக்குழந்தைக்கு முதல் பல் விளக்குவது போல மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொரு தகடாகத் துடைப்பார். ஒரு தகடு வளைந்தாலும் ஒரு நிலையம் போச்சு என்று பயந்தார்.

வால்யூம் குமிழைத் திருகினால் கரகர என்று சத்தம் வருமே, அதற்கு உள்ளே எளிதில் தீப்பிடிக்கிற மருந்து இரண்டு சொட்டு விட்டு, இருபது தடவை இந்தப் பக்கம், இருபது தடவை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். அது எல்லோரும் செய்வதுதான். அவரோ அதன்பிறகு ஒரு முழு நாள் காய வைப்பார். "காஞ்சிடுச்சு மாஸ்டர், போடலாம்" என்பேன். "எனக்கு இன்னும் வாசனை வருதே" என்பார். "உங்க மூக்குக்கு எப்பவும் வரும்!" "வரட்டும். ஸ்விட்ச்சும் அதுக்குள்ளதானே இருக்கு? ஒரு பொறி போதாதா?" அந்தப் பொறிக்குப் பயந்தார்.

ரேடியோவில் மின்சாரம் இருக்கும்போது தொட வேண்டி வந்தால், இடது கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொள்வார். புதிதாக வருகிறவர்கள், "என்னய்யா, பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி நிக்கிறாரு" என்று கேலி பேசுவார்கள். இரண்டு கையும் பட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும் என்ற பயம் அவருக்கு. எவ்வளவு கேலி செய்தாலும் அவர் கையை வெளியே எடுத்ததில்லை.

என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், நிலையங்களின் ஊர்ப்பெயர்கள் எழுதிய ரேடியோ முகப்புக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்து, முன்பக்கம் மட்டும் துடைக்கச் சொன்னார். பின்பக்கமும் அழுக்காகத்தானே இருக்கிறது என்று ஈரத்துணியால் நான் ஒரு இழு இழுத்தேன். பதினோரு ஊரைக் காணோம்! "எந்தப் படையும் இவ்வளவு சீக்கிரம் பிடிச்சதில்லடா" என்று சொல்லிவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். நான் அவசரக்காரன். ஐம்பத்தெட்டு வயதிலும் அவசரக்காரன்தான்.

அன்பர்களே, இப்போது நான் சொல்லப்போவதை அண்ணியும் கேட்டதில்லை.

சில பழைய ரேடியோக்களில் செலவைக் குறைக்க டிரான்ஸ்பார்மரே வைத்திருக்க மாட்டார்கள். சுவரிலிருந்து வரும் மின்சாரம் நேரே உள்ளே இருக்கும் இரும்புத் தட்டில் ஏறி நிற்கும். தட்டில் தண்டு. தண்டில் குமிழ். குமிழைத் தண்டோடு பிடித்து வைக்க, பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை, அதற்குள்ளே கடுகளவு திருகாணி. ரேடியோவை அணைத்து வைத்திருந்தாலும் அந்தத் திருகாணியில் மின்சாரம் இருக்கலாம். அதனால் குமிழைக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்ப மாட்டியதும், கடைசி வேலையாக அந்தத் துளையை மெழுகால் அடைக்க வேண்டும். அரை நிமிட வேலை. வெளியே யாருக்கும் தெரியாத வேலை.

பதினெட்டு வருடங்களுக்கு முன் ஒரு சாயங்காலம், ஒரு தையல்காரம்மாவின் ரேடியோவை முடித்து நானே வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். மாஸ்டர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"மெழுகு வச்சியா?"

"வச்சிருப்பேன் மாஸ்டர்."

"வச்சிருப்பேன்னா? வச்சியா, இல்லையா?"

நான் யோசித்தேன். யோசிக்க அவர் நேரம் கொடுக்கவில்லை. ஈரக் கையோடு, ஒரு காலில் மட்டும் செருப்போடு தெருவில் இறங்கி ஓடினார். கரப்பானுக்கு நாற்காலி ஏறுகிற அதே மனிதர், இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் புகுந்து சாலையைக் கடந்தார். பின்னால் ஓடிய எனக்கு மூச்சு வாங்கியது. அந்த வீட்டில் தையல்காரம்மா துணி அலசிவிட்டு, நீர் சொட்டும் கையோடு ரேடியோப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். "தொடாதீங்க!" என்று இவர் போட்ட கூச்சலில் அவர்கள் அலறிவிட்டார்கள். அவர்கள் கணவர் வந்து மாஸ்டரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "என்னை அப்புறமா அடிங்க. முதல்ல அந்த பிளக்கைப் பிடுங்குங்க" என்றார் இவர்.

பிடுங்கினார்கள். துளையில் மெழுகு இல்லை. "யார் பார்த்த வேலை இது?" என்று கேட்டார்கள். நான் வாசலில் நிற்கிறேன். "நான்தாங்க. மறந்துட்டேன். வயசாகுது பாருங்க" என்றார் மாஸ்டர். அப்போது அவருக்கு நாற்பத்து மூன்று வயது!

அந்தத் தையல்காரம்மா இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார்கள். அம்மா, அன்று முதல் நீங்கள் ரேடியோவைக் கொண்டு வரும்போதெல்லாம், "அந்த மறதிக்காரர் வேண்டாம், நீங்களே பாருங்க" என்று என்னிடம்தான் கொடுப்பீர்கள். நானும் வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார். மறந்தவன் நான். அவரைப் பழி சுமக்க விட்டவனும் நான். இதை அவர் உயிரோடு இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்ல எனக்குத் துணிவில்லை.

மறுநாள் அவர் ஒரு சிவப்பு நூல்கண்டு வாங்கி வந்தார். வேலை முடியாத ரேடியோவின் பிளக்கில் அந்த நூலை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவிடுவார். கடைசி மெழுகு வைத்த பிறகுதான் அவிழ்ப்பார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நூலைச் சுற்றினார். அது எனக்காகச் சுற்றிய நூல்.

எப்பேர்ப்பட்ட பயம் அது! எவ்வளவு பேரைக் காப்பாற்றிய பயம்! அவர் கடைசியாகச் சுத்தம் செய்த ரேடியோதான் இதோ, அவர் படத்துக்குப் பக்கத்தில் பூக்களுக்கு நடுவே இருக்கிறது. கூட்டத்தின் முடிவில் அவர் மகள் இதைத் திருகிப் பாட வைப்பார் என்று தலைவர் அறிவித்தார். நீங்களே பாருங்கள், எவ்வளவு சுத்தம், எவ்வளவு பளபளப்பு! இந்தக் குமிழின் பக்கவாட்டில், இதோ இந்த இடத்தில்தான், அவர் வைத்த மெழுகு...

ஒரு நிமிஷம்.

பாப்பா, கையை மடியில வச்சுக்கோ. ரேடியோகிட்ட கொண்டு போகாத. அப்படியே எழுந்து இந்தப் பக்கம் வா. ஒண்ணும் இல்லம்மா, வா. நூலகர் சார், உங்க நாற்காலிக்குப் பின்னாடி சுவத்துல ஒரு பிளக் இருக்கு. அதைப் பிடுங்குங்க. ரேடியோவைத் தொடாதீங்க, பிளக்கை மட்டும். ஸ்விட்ச்சை அணைச்சா போதாது சார், பிடுங்கணும். பிடுங்கியாச்சா? தூக்கிக் காட்டுங்க. நான் கண்ணால பார்க்கணும்.

சரி. சரி, உட்காருங்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அன்பர்களே, இந்தத் துளையில் மெழுகு இல்லை. நான் நிற்கிற இடத்திலிருந்து திருகாணி மின்னுவது தெரிகிறது.

எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன், இன்னொரு முறை வாயை மூடிக்கொண்டு இருக்கமாட்டேன். மாஸ்டருக்கு நெஞ்சு அடைத்து ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, இந்த ரேடியோ அவர் மேஜையில் இருந்தது. பின்மூடி போட்டாகிவிட்டது, குமிழ் மாட்டியாகிவிட்டது, மரத்துக்கு மெருகும் போட்டாகிவிட்டது. பிளக்கில் சிவப்பு நூல் இருந்தது. பக்கத்திலேயே ஒரு துண்டு மெழுகும் இருந்தது. நேற்று மேஜையை ஒழுங்கு செய்கிறேன் என்று அந்த மெழுகைக் குப்பையில் போட்டேன். இன்று காலை இங்கே கொண்டு வந்தபோது, படத்துக்குப் பக்கத்தில் நூல் அசிங்கமாகத் தெரிகிறதே, பாவம், அவிழ்க்க மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நானே அவிழ்த்தேன். அவரா மறப்பார்? அவர் மறந்தார் என்று நான் எப்படி நினைத்தேன்? ஊருக்கு நான் சொல்ல விட்ட பொய்யை நானே நம்பிவிட்டேனா?

காலையில் நான் ஒரு தடவை திருகியும் பார்த்தேன். பாடியது. என் விரல் துளையில் படவில்லை, அவ்வளவுதான். பாப்பா இவ்வளவு நேரமும் கண்ணைத் துடைத்துத் துடைத்து, அந்த ஈரக் கையை ரேடியோ வைத்த மேஜை மேல்தான் வைத்திருந்தாள். என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுகிற பிள்ளை! இன்னும் கால்மணி நேரத்தில் நாம் எல்லோரும் கைதட்டி அவளை அந்தக் குமிழைத் தொட வைத்திருப்போம். அண்ணி, என்னைப் பார்க்காதீர்கள்.

பட்டறையைத் திறக்க ஏன் பயம் என்று முடிவில் சொல்வதாகச் சொன்னேன். இதுதான். வேலை தெரியாது என்ற பயம் இல்லை. வேலை தெரியும். இருபத்தாறு வருடங்களாக எனக்கும் சேர்த்து ஒருவர் பயந்துகொண்டிருந்தார், அதனால் நான் பயப்படாமல் இருந்துவிட்டேன். இப்போது அந்த நாற்காலி காலியாக இருக்கிறது. நான் கை கழுவிவிட்டுக் கிளம்பும்போது கேள்வி கேட்க ஆள் இல்லை.

இந்த ரேடியோ இன்று பாடாது. தலைவர் மன்னிக்க வேண்டும். பாப்பா, காலையிலிருந்து அந்த நூல் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. இந்தா. அவிழ்த்த கையால் நான் சுற்ற மாட்டேன், நீ சுற்று. நூலகர் சார், பிளக்கை அவளிடம் கொடுங்கள். இரண்டு முள்ளையும் சேர்த்து மூன்று சுற்று. அப்பா அப்படித்தான் சுற்றுவார். இறுக்கி முடிச்சுப் போடு. போதும்.

மற்றவர்கள் அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொன்னார்கள். நானும் சொல்கிறேன். இனி நான் பயப்படுவேன். தகட்டுக்குப் பயப்படுவேன், பொறிக்குப் பயப்படுவேன், கடுகளவு திருகாணிக்குப் பயப்படுவேன். ஆனால் என் வார்த்தையை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள். பட்டறை வழியே போகிறவர்கள் தலையை உள்ளே நீட்டி, அவர் கேட்டதைக் கேளுங்கள். தையல்காரம்மா, நீங்கள் கட்டாயம் கேளுங்கள். நான் யோசித்தால், ரேடியோவை வாங்காமல் திரும்பிப் போங்கள்.

முதலில் அவர் மகளே கேட்கட்டும். வாம்மா. மைக்கில் கேள், கடைசி வரிசை வரைக்கும் கேட்கட்டும்.

சத்தமா கேளும்மா, "மெழுகு வச்சியா சித்தப்பா"ன்னு.

இல்லம்மா. இன்னும் வைக்கல.