மூன்றாம் பாயிண்ட்டின் இடைவெளி

கடையில் விற்கும் பாயிண்ட் எதுவும் எங்கள் ஊர் வெயிலைத் தாங்காது. அதனால் தோட்டத்து ரயிலுக்கு வேண்டிய ஏழு பாயிண்ட்டையும் நானே செய்தேன். ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடம்தான் பாயிண்ட். பித்தளைத் தண்டவாளத்தை அறுத்து, நகரும் நாக்கை அரத்தால் ராவ வேண்டும். வெயிலில் பித்தளை நீளும். அதற்காக இணைப்பில் ஒரு நகக்கனம் இடைவெளி விட வேண்டும். விடாவிட்டால் தண்டவாளம் நெளியும், நாக்கு ஒட்டாது, வண்டி கவிழும். இன்ஸ்பெக்டர், இது புரிந்தால் மற்றது சுலபம்.

எழுபத்தாறு வயதில் குமரப்பனுக்குப் பொம்மை ரயில் என்று மானகிரியில் சிலர் சிரித்தார்கள். அது பொம்மையாக ஓடவில்லை. தோட்டத்துக்கு அப்பால், பின்கட்டில், என் தம்பி அழகுசுந்தரம் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தான். நெஞ்சுவலி மாத்திரையை மறதியில் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொள்வான் என்பதால் அது என் மனைவி யோகலட்சுமியிடம் இருக்கும். அவன் மணி அடித்தால் மாத்திரை டப்பா ரயிலில் போகும். அவனை அப்பச்சி என்றும் என்னைப் பெரியப்பச்சி என்றும் கூப்பிடும் அவன் மகள் சுபா, வேறு சாதிப் பையனை விரும்பினாள். அவன் சரி என்றான். அன்றோடு அவனிடம் பேசுவதில்லை என்று சொல்லிவிட்டேன். நான்கு வருஷம் பேச்சு நின்றது, ரயில் நிற்கவில்லை.

இந்த ஆவணியில் கல்யாணம், அதுவும் எங்கள் வீட்டிலேயே என்று முடிவு செய்தான். வீட்டுக்கு மூத்தவன் என்பதால் அழைப்பிதழில் முதல் பெயர் என்னுடையது. நான் தடுத்தால் கேட்க மாட்டான். ஆனால் சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குக் கல்யாணம் நடத்த மாட்டோம். எனக்கு வேண்டியது அந்த ஒரு வருஷம் மட்டும். தம்பி மேல் கோபம் கிடையாது.

சித்திரையில், பின்கட்டுக்குப் பிரியும் மூன்றாம் பாயிண்ட்டைப் புதிதாகச் செய்தேன். தண்டவாளத்தை ஒரு நகக்கனம் நீளமாக வெட்டி, இடைவெளி இல்லாமல் பொருத்தினேன். காலையில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. உச்சி வெயிலில் கவிழ்ந்தது. நான்கு நாள் சோதித்தேன்.

வாரத்தில் இரண்டு முறையாவது அவனுக்கு வலி வரும். காத்திருந்தேன். டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு வீட்டுப் பெண்கள் பிள்ளையார்பட்டிக்குப் போயிருந்த ஒரு நாள், பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. டப்பாவை வைத்து அனுப்பினேன். வண்டி கவிழ்ந்ததை அவன் ஜன்னல் வழியே பார்த்தான்.

"அண்ணே, வண்டி சாஞ்சிருச்சு."

நான்கு வருஷத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு. நான் நாற்காலியில் இருந்தேன்.

"வெயிலா இருக்குன்னு பாக்குறீகளா? கொடையப் பிடிச்சுக்கிட்டாவது வாங்கண்ணே."

குரல் நடுங்கியது, அப்போதும் கேலி. அப்புறம் "அண்ணே" மட்டும், பல தடவை. நான் பதில் சொல்லவில்லை. பேசுவதில்லை என்று கொடுத்த வார்த்தையை மீறும் வழக்கம் எனக்கு இல்லை.

அவன் சாவை நீங்கள் விபத்து என்று எழுதினீர்கள். கல்யாணம் நின்றது. ஆனால் அன்றிலிருந்து உச்சிவேளையில் எனக்கு உடம்பு குளிர்கிறது. கோயில் மணி கேட்டால்கூட எழுந்து கதவைத் தாழிடுகிறேன். பின்கட்டுப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார முடியவில்லை. முகத்தைக் காட்டியும் உட்கார முடியவில்லை.

நேற்றுக் காலை சுபா மூன்றாம் பாயிண்ட்டருகே குந்தியிருந்தாள். கையில் ஒரு மெல்லிய தகடு. இணைப்பில் அதை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை.

"மத்த ஆறுலயும் எடவெளி இருக்கு பெரியப்பச்சி. இதுல மட்டும் எங்க போச்சு?"

அவள் எழுந்து வந்தாள். என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"வயசாயிருச்சுல்ல, கை நடுங்கியிருக்கும். அப்பச்சி ஒங்களத் தப்பா நெனச்சிருக்க மாட்டாக. மூணு நாளா சரியா சாப்புடலையாமே, வாங்க."

மன்னித்துவிட்டாள். நாளைக்குக் காரைக்குடி முழுக்க, குமரப்பன் கை நடுங்கித் தம்பியைப் பறிகொடுத்தான் என்று இரக்கப்படுவார்கள். எங்கள் குடும்பத்தில் யாரும் அப்படிப் பெயர் வாங்கியதில்லை. ஆகவே எழுதித் தருகிறேன். அளவு தவறவில்லை. அவன் சாக வேண்டும் என்றுதான் அந்தத் தண்டவாளத்தை அளந்து வெட்டினேன்.

எழுத்து கோணலாக இருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். இந்த நடுக்கம் அன்றைக்கு இல்லை.