நீலம் எடுக்கும் வரை

கல்கத்தாவில் கரண்ட் இருக்கும்போதே காரியத்தை முடித்துக்கொள்ள வேண்டும், ஸார். உங்களுக்குத் தெரியாததில்லை, உங்கள் போலீஸ் ஸ்டேஷனிலும் விசிறி பாதி நாள் சும்மாதான் தொங்குகிறது.

நான் தகட்டில் கீறி, அமிலத்தில் ஊறவைத்து, மை தடவிப் படம் அச்சடிக்கிறவன். இந்த எண்பத்தைந்தாம் வருஷம்தான் நண்பர் பாலசுப்ரமணியன் அமெரிக்காவிலிருந்து ஒரு கம்ப்யூட்டரும் கேமராவும் கொண்டுவந்தார். ஒரு முகத்தைப் புள்ளி புள்ளியாக உடைத்து அப்படியே அச்சில் ஏற்றலாம். இந்த ஊரில் எவனும் செய்யாத வேலை. இரவல்தான்; திங்கட்கிழமை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

முகம் என் அண்ணன் ஏழுமலையுடையது. கிதர்பூர் துறைமுகத்தில் நிலக்கரி சுமந்து என்னைப் படிக்கவைத்தவர். அப்படி ஒரு முகம் கூலிவேலையில்தான் விளையும். ஆனால் நெஞ்சு முழுக்கக் கரித்தூள். படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேதான் தூங்குவார்.

கேமராவோ மேலிருந்து கீழே பார்ப்பது. படுத்தாக வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் என்று கண்ணாடித்தாளை மாற்றி மாற்றி மூன்று முறை எடுக்க வேண்டும். நடுவில் அசைந்தால் முகம் இரட்டையாகிவிடும். அண்ணன் இருமிக்கொண்டே இருந்தார்.

"ஏண்டா, லேக் மார்க்கெட்ல பூசணிக்கா கெடக்குது, அது ஆடாது. அதப் புடி," என்றார்.

சிரித்துவிட்டு மறுபடி எடுத்தேன். கரண்ட் போனது, எடுத்ததெல்லாம் போச்சு.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் டீயில் தூக்க மாத்திரை கலந்தேன். அது அவருக்கு ஆகவே ஆகாது என்று டாக்டர் சொன்னபோது நானும் கூட இருந்தேன். தூங்கியதும் கேமராவுக்குக் கீழே படுக்கவைத்தேன். தலையணையால் கழுத்தில் நிழல் விழுந்தது; உருவிவிட்டேன்.

சிவப்பு நன்றாக வந்தது. பச்சை முடியும்போது மூச்சு இழுக்க ஆரம்பித்து, தாடை ஏறி இறங்கியது. தூக்கி உட்காரவைத்திருக்கலாம். அப்புறம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாதி வழியில் சுமையை இறக்கிவைக்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. காத்திருந்தேன். மூச்சு நின்றது. நீலம் எடுத்தேன். மூன்றிலும் அதுதான் துல்லியம்.

"பக்கத்துலயே இருந்தியே, மூச்சு நின்னது உனக்குக் கேக்கலையா?" என்றார் அண்ணி கிருஷ்ணம்மாள்.

கேட்டது என்றேன். அவரிடம் நான் பொய் சொன்னதில்லை.

அண்ணிக்கு இப்போது கொஞ்சம் வருத்தம். படத்தைப் பார்த்தால் சரியாகிவிடும். முதல் பிரதியை அவருக்கென்றே கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். ஃபிரேம்கூட என் செலவுதான்.