பசித்த பிள்ளையை அனுப்பாத நஸ்ருன்னிசா அம்மையார்

மேடையில் இருக்கும் பங்குத்தந்தை அவர்களே, ஜமாத் தலைவர் கலீமுல்லா பாய் அவர்களே, ஈரப் பாய்களைச் சுருட்டி ஓரமாக வைத்து இந்தக் கூட்டத்துக்கு இடம் கொடுத்த முகாம் மக்களே, பாலவாக்கம் குப்பத்துச் சுப்பராயனின் வணக்கம். இது நானே எழுதியது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் எழுதப் பழகியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்! ஆனால் திக்காமல் நான் படித்த முதல் பெயர், வாசலில் கட்டிய பேனரில் இருக்கும் நஸ்ருன்னிசா. இதற்காகவா படித்தேன்?

நமது முகாமின் குழந்தைகள் பாதுகாப்புக் குழுத் தலைவி, வெள்ளத்தில் நடந்து நடந்து எலிக்காய்ச்சல் வந்து, போன வெள்ளிக்கிழமை நம்மை விட்டுப் போனார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பெற்றோரைப் பிரிந்து வந்த பிள்ளையை, தன் சொந்தம் என்று சொல்லி யார் கேட்டு வந்தாலும் முதலில் விசாரிப்பார். பிறகு தட்டில் சோறு போட்டுக் கொடுத்து, "ஊட்டு, பார்ப்போம்" என்பார். தெரிந்த கைதான் என்று பிள்ளை வாய் திறக்கிறதா என்று பார்ப்பார்.

ஒருமுறை அது தவறியது. முந்தைய வெள்ளத்தில் ஒரு பையன், வந்தவன் கையில் ஆவலாக வாங்கித் தின்றான். அனுப்பிவிட்டோம். பெற்ற தகப்பன் அதற்குப் பிறகு வந்து நின்றார்! பல நாள் கழித்துத் தேனாம்பேட்டை சிக்னலில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த பையனை மீட்டோம்.

"பசில கீற புள்ள யார் கைல வேணா துன்னும் நைனா. தப்பு என்னோடது" என்றார் அம்மையார். அன்று முதல், பிள்ளைக்கு வயிறு நிறையக் கொடுத்த பிறகே வந்தவரிடம் தட்டை நீட்டுவார்.

இப்போது ஜான்சி. ஐந்து வயது. தாய் காய்ச்சல் வார்டில் நினைவில்லாமல் கிடக்கிறார். அம்மையார் படுக்கையில் விழுவதற்கு முன் ஒருவர் வந்தார்.

"நான் இவ தாய்மாமன். இன்னாத்துக்கு இவ்ளோ கேள்வி?"

"கேள்வி இன்னா கேள்வி? மாமன்னா ஒரு வாய் ஊட்டிட்டுப் போ."

ஜான்சி வாயை இறுக மூடிக்கொண்டாள். வந்தவர் அவள் தாடையைப் பிடித்துத் திறக்கப் பார்த்தார். அம்மையார் விடவில்லை.

"நீ மாமனா, பல்லு டாக்டரா? கைய எடு. அவ அம்மா கண்ணு முழிக்கட்டும், அப்பால வா."

முகாமே சிரித்தது! ஜான்சியும் சிரித்தாள்.

அவர் உண்மையான மாமனாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. உங்களில் யாருக்குத் தெரியும்? நாளைக் காலை மறுபடி வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதிகாரிகளுக்குச் சொல்லிவிட்டோம், தண்ணீர் வடிந்தால்தான் அவர்களால் வர முடியும். அவர்கள் வந்து விசாரிக்கும் வரை ஜான்சியை எவரிடமும் தரமாட்டோம். அம்மையாரே, இது எங்கள் உறுதி!

உறுதி சொல்லிவிட்டேன். ஆனால் நீங்கள் போன நாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லையே! நான் ஊட்டினேன், திரும்பிக்கொண்டாள். நம் முகாமின் பொன்மணி மீன்குழம்பு வைத்துக் கொண்டுவந்தார், தொடவில்லை. நாளை அந்த மனிதர் பிஸ்கட்டோடு வந்து நின்றால், பசியில் கை நீட்டிவிடுவாளே! பார்க்கிறவர்கள் "சொந்தம்தான் போல" என்று சொல்லிவிடுவார்களே!

வாசலில் நான் நிற்பேன். எனக்கு நிற்கத் தெரியும், ஊட்டத் தெரியவில்லை. மௌன அஞ்சலி முடிந்ததும், தாய்மார்களே, ஒவ்வொருவராக வந்து அவளுக்கு ஒரு வாய் கொடுத்துப் பாருங்கள். யார் கையில் வாங்கினாலும் சரி, பொழுது விடிவதற்குள் அவள் வயிறு நிறைந்தாக வேண்டும்.