பரோட்டாவுக்கு ஒரு பேச்சுத்துணை

மாட்டுத்தாவணியில் திருநகர் பஸ் ஏறினேன். மடியில் அல்வாப் பொட்டலம். முன் சீட்டில் ஐம்பதைத் தாண்டிய கணவனும் மனைவியும். கணவர் கையில் ஒரு சின்ன உறையைக் கொடுத்தார் அந்தம்மா.

"இன்னைக்கு எதுக்குக் கண்ணு மூக்கு வச்சு வாங்கிருக்க?" என்று அவர் கேட்டதும் என் காது தானாக முன் சீட்டுக்குப் போய்விட்டது. அவரே தொடர்ந்தார்.

"டாக்டர் எதை வேணாம்னாலும் அதைக் கார்ட்டூன் படமா வாங்கிட்டு வந்துர்ற. கண்ணாடி போட்ட பரோட்டா, ஜிகர்தண்டாவுல குளிக்கிற பூனை. செவுரு நெறைஞ்சிருச்சு, என் தட்டுதான் காலி. இப்ப சுக்காவையும் நிப்பாட்டிட்டாரா?"

"பிரிச்சுத்தான் பாருங்களேன்."

பிரித்தார். ஜாங்கிரிக்குள் சுருண்டு தூங்கும் ஓர் அணில்.

"நான் ஜாங்கிரி தொடவே மாட்டேனே. அது உனக்குல்ல உசுரு?" அவர் குரல் இறங்கிவிட்டது. "ஏம்மா, உனக்கும் சுகரா?"

"எனக்கு ஒண்ணும் இல்லங்க. நீங்க மட்டும் ஒத்தையில செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்கீங்களேன்னு, நானும் ஒண்ணை விட்டுட்டேன்."

அவர் படத்தைக் கசங்காமல் உறைக்குள் வைத்தார்.

"பரோட்டா பக்கத்துலயே மாட்டிருவோம். அதுக்கும் பேச்சுத்துணை வேணும்ல."

நான் அல்வாவைப் பைக்குள் ஒளித்தேன். வீட்டுக்குப் போனதும் பிரித்துவிட்டேன். நான் அம்புட்டு நல்லவன் இல்லை.