ஆம்பூலில் மிஞ்சியது

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது, சார். நடந்துகொண்டே சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கிளினிக்கிலும் இப்படித்தான். நோயாளி உட்கார்ந்திருப்பார், நான் நின்றுகொண்டு பார்ப்பேன்.

என் பெயர் சௌரிராஜன். சமயநல்லூர் மெயின் ரோட்டில் டாக்டர். நாங்கள் சௌராஷ்டிரர்கள், வீட்டுக்குள் எங்கள் பாஷைதான். ஒரே மகள் ஸ்வர்ணா. பேங்கில் தன்னோடு வேலை பார்த்த விக்ரமைக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். அவனுடைய அம்மா மலையம்மாள், உசிலம்பட்டிப் பக்கம் அடுத்தவர் காட்டில் களையெடுத்தவர். பையன் நல்ல பையன்தான். எனக்கு அவன்மேல் கோபமெல்லாம் கிடையாது. அவன் பெயரை வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

தொண்ணூற்றெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கம்பவுண்டர் சாப்பிடப் போயிருந்தார். ஆட்டோவிலிருந்து ஸ்வர்ணா இறங்கினாள். கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான் அவளைப் பார்க்கிறேன். கோயிலுக்குப் போன இடத்தில், ஆலமரத்து மலைத்தேனீ கலைந்துவிட்டது. விக்ரம் குழந்தையைத் தனக்கடியில் வைத்துக் கவிழ்ந்து படுத்தானாம். முதுகெல்லாம் கொடுக்கு. அப்படியும் குழந்தைக்கு நாலைந்து கடி. இரண்டு பேருக்கும் உதடு வீங்கி, மூச்சு இரைத்தது. நாடி கைக்கு அகப்படவில்லை.

இதற்கு அட்ரினலின்தான் மருந்து. கணக்கு எளிது. ஆம்பூல் என்கிற சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஒரு மில்லி இருக்கும். பெரியவருக்கு அரை மில்லி. குழந்தைக்கு எடையைப் பார்த்து, கிலோவுக்கு ஒரு மில்லியில் நூறில் ஒரு பங்கு. பவதாரிணியைத் தூக்கினேன். என் பேத்தியை முதன்முதலாகத் தூக்குகிறேன். பன்னிரண்டு கிலோ இருப்பாள். மனக்கணக்கு எனக்கு ஒருநாளும் பிசகியதில்லை.

ஓர் ஆம்பூலை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"ஒண்ணுதாம்மா இருக்கு. ஒருத்தருக்குத்தான் காணும்" என்றேன்.

ஸ்வர்ணாவிடம் நான் தமிழில் பேசுகிறவன் அல்ல. அன்று பேசினேன். விக்ரமுக்கும் புரிய வேண்டும் அல்லவா.

"கடையில கெடைக்காதாப்பா?" என்றாள்.

"ஞாயித்துக்கெழமை. காளவாசல் வரைக்கும் போகணும்."

அது உண்மை. நான் பொய் பேசிப் பழகியவன் இல்லை.

கட்டிலில் கிடந்த விக்ரம்தான், குரலே இல்லாமல், "புள்ளைக்குப் போடுங்க மாமா" என்றான். அவன் என்னை முறைவைத்துக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். ஸ்வர்ணா அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

குழந்தைக்குத் தொடையில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்து, வீறிட்டு அழுதாள். விக்ரமையும் சும்மா விடவில்லை. அலர்ஜிக்கு அவில் போட்டேன், ஸ்டீராய்டு போட்டேன், குளுக்கோஸ் ஏற்றினேன். அட்ரினலின் இல்லாமல் இதெல்லாம் உதவாது என்று தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். "பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருவமா சார்?" என்று ஆட்டோக்காரர் கேட்டார். அசைக்கக் கூடாது என்றேன். வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன். அன்று பிடித்த நடைதான் இது.

தண்ணீர் வேண்டாம், சார். இந்த ஜன்னல் பக்கம் நின்றுகொள்கிறேன்.

ஆம்பூலில் முக்கால் மில்லிக்கு மேல் மிச்சம் இருந்தது. குழந்தைக்குத் திரும்பவும் தேவைப்படலாம், அதற்காக வைத்திருந்தேன். எந்த டாக்டரும் அப்படித்தான் வைத்திருப்பார். தேவைப்படவில்லை. விக்ரமின் மூச்சு அடங்கிய பிறகு அதை வாஷ்பேசினில் ஊற்றினேன்.

மகள் பிள்ளையோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். வீடு பழையபடி ஆயிற்று. மலையம்மாள் அவ்வப்போது பேத்தியைப் பார்க்க வருவார். "இவளையாவது காப்பாத்திக் குடுத்தீகளே அய்யா" என்று காலில் விழ வருவார். கை படுமுன் நகர்ந்துகொள்வேன். எனக்கு அதெல்லாம் கூச்சம்.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஸ்வர்ணா கையை அப்படியே நிறுத்தினாள். "அன்னிக்கு நான் தலையாட்டிருக்கக் கூடாதுப்பா. நான்தான் அவரைச் சாகக் குடுத்துட்டேன்" என்றாள், எங்கள் பாஷையில். ஏழு வருஷமாக அவள் இதை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அவள் மேல் தப்பில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் அலமாரியில் அதே மருந்து ஒரு பெட்டி இருந்தது. அதைக்கூடப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. மேஜைமேல் இருந்த ஒன்றே அப்பனுக்கும் பிள்ளைக்கும் போதும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஒருத்தருக்குத்தான் காணும் என்று சொன்னேன்.

கொலை என்று எழுதுவதானால் எழுதுங்கள். ஒன்றை மட்டும் சேர்த்து எழுத வேண்டும், சார். யாருக்குப் போடுவது என்று நான் தீர்மானிக்கவில்லை. என் மருமகன் கடைசியாக ஒன்று கேட்டான். அதை நான் மறுக்கவில்லை.